மொட்டைமாடியில் தங்கிப்போன இருட்டு

சிலம்பட்டிப் பேரூராட்சியில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் அழகுமலையைக் கூப்பிடுவார்கள், எரிந்துகொண்டிருந்தால் அப்படி ஒரு ஆள் இருப்பதையே மறந்துவிடுவார்கள், இருபத்திரண்டு வருசமாக அவனுடைய வயர்மேன் பிழைப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது; ஆனால் அந்த ஊரிலேயே விளக்கு என்றாலே எட்டிக்காயாகக் கசக்கிற ஒருவன் உண்டென்றால் அதுவும் அவன்தான். பகலில் ஏணியைச் சாய்த்து ஏறி ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டு வருவான், இருட்டியதும் மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் பின்னால் கேமராவைப் பூட்டி, தான் போட்ட வெளிச்சத்தைத் தானே வண்டை வண்டையாகத் திட்டுவான்.

அவனுக்கு வேண்டியது ஒரு குதிரை. மார்கழி மாதம் கிழக்கே வரிசை கட்டி ஏறிவருகிற மூன்று நட்சத்திரங்களில் கடைசி நட்சத்திரத்துக்குக் கீழே, ஆயிரத்து முன்னூறு ஒளியாண்டுக்கு அப்பால், சிவந்த புகைமூட்டத்துக்கு முன்னால் கறுத்த தூசுமேகம் ஒன்று குதிரை கழுத்தை வளைத்து நிற்கிற மாதிரி நிற்கிறது. அதை உலகத்தில் எத்தனையோ பேர் படம் எடுத்துவிட்டார்கள், போனைத் தட்டினால் ஆயிரம் குதிரை வரும், அது அழகுமலைக்கும் தெரியும். ஆனால் தன் வீட்டு மாடியில், தன் லென்சுக்குள் இறங்கி வந்த குதிரை ஒன்று வேண்டும் என்று ஆறு பனிக்காலம் அவன் குல்லாய் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். ஆறு பனிக்காலத்திலும் அந்தச் சிவப்பு ஊர் வெளிச்சத்தில் கரைந்து, குதிரை நிற்க இடமில்லாமல் போனது. போதாக்குறைக்குப் போன தை மாதம் பேருந்து நிலையத்தில் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பம் நட்டார்கள், அதற்கு ஒயர் இழுத்துக் கொடுத்ததும் அவன்தான், சம்பளம் வாங்குகிறவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் பட்ட எரிச்சல் உங்களுக்கு விளங்காது. நாம் படம் என்று சொல்வது அவனுக்கு ஒரு படம் இல்லை, இருநூறு படம். ஒவ்வொன்றுக்கும் கேமரா மூன்று நிமிசம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அந்த மூன்று நிமிசமும் பூமி சுற்றுகிற வேகத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு மோட்டார் தொலைநோக்கியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் பக்கத்தில் தொம்மென்று கால் வைத்தாலும் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்துவிடும். அப்படி எடுத்த இருநூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலாக இருப்பது துலங்கி வரும். அதோடும் முடியாது. கடைசியில் லென்சுக்கு மூடி போட்டு, ஒன்றுமே தெரியாத இருட்டை அதே மூன்று மூன்று நிமிசமாக இருபது படம் எடுப்பான், கேமரா சூட்டில் தானாக முளைக்கிற பொய்ப்புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கழிப்பதற்கு. மூடி போட்டுக்கொண்டு படம் எடுக்கிற ஒரே மனுசன் சிலம்பட்டி அழகுமலை என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

அக்னி நட்சத்திரம் பிறந்த அன்றைக்குக் காலையில் அவன் மனைவி செல்வராணி கூழ்வடகம் ஊற்ற மாவும் வேட்டியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள், போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"ஏங்க, மாடியில இன்னும் விடியல. வடகத்த எங்கிட்டுக் காயப்போட?"

அழகுமலை ஏறிப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டுச் சுவர்வரைக்கும் ராத்திரி அப்படியே நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் வெயில் கொளுத்த, கருப்பட்டியை அறுத்து வைத்த மாதிரி விளிம்பு சுத்தமாக, கையைத் தூக்கினால் எட்டாத உயரத்துக்கு இருட்டு நின்றது. உள்ளே கால் வைத்தான், குளுகுளுவென்று இருந்தது, அண்ணாந்தான், வானம் முழுக்க நட்சத்திரம். அவை நேற்று ராத்திரி பார்த்த நட்சத்திரங்கள் இல்லை, சூரியன் இத்தனை காலம் பகலில் மறைத்து வைத்திருந்தவை. ஒன்பது மணிக்கு மூன்று நட்சத்திரமும் வரிசையாகக் கிழக்கே ஏறி நின்றன, சித்திரை மாதத்தில், பட்டப்பகலில். அழகுமலை சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான், ஹைமாஸ்ட் இல்லாத, பனி இல்லாத, கொசுகூட இல்லாத இருட்டு தன் வீடு தேடி வந்திருக்கிறது என்று அவனுக்கு அவ்வளவு சந்தோசம்.

அந்தச் சந்தோசம் மத்தியானம்வரைக்கும் நிலைத்தது. டீ ஆறுகிற நேரத்துக்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று சிலம்பட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. மழையை எங்கிருந்து வந்தாய் என்றா கேட்கிறோம். உள்ளே எத்தனை பேர் கொள்ளும், செருப்பைக் கழற்ற வேண்டுமா, தண்ணீர் வசதி உண்டா என்றுதான் கேட்டார்கள். முதல் ஆளாக வந்தவர் மல்லிகை வியாபாரி ராயப்பன். ஐஸ் பெட்டி மாதிரிக் குளுமையாக இருக்கிறதே, மொட்டு மலராமல் கிடக்கும் என்று நாலு கூடையை இறக்கினார். மொட்டோ பொழுது சாய்ந்துவிட்டதென்று நினைத்து ஒரு மணி நேரத்திலேயே மொத்தமாக மலர்ந்துவிட்டது. அவர் தலையில் கை வைக்கவில்லை, பகல் விசேசத்துக்கு மலர்ந்த பூ வேண்டுமென்கிறவர்களைத் தேடிப் பிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து பத்துக் கூடை வந்தது. பூவிலிருந்து எழும்பிய ஈர ஆவி லென்சில் படிந்து முத்து முத்தாக நின்றது.

அடுத்து ஒச்சம்மா வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்காரி, பதினோரு வருசமாக நூல் மில்லில் நைட் ஷிஃப்ட், காலை ஏழு மணிக்கு வீடு வந்து ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு அந்தக் கொதிக்கிற கூரைக்குக் கீழே மூன்று மணி நேரம் புரளுவாளே தவிர, தூங்கினாள் என்று சொல்ல முடியாது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, கக்கத்தில் பாயோடு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு ஓரமாப் படுத்துக்கிறட்டுமா?"

"படு, படு. காலை மட்டும் ஆட்டாத."

ஒன்பது மணி நேரம் தூங்கினாள். எழுந்தபோது தன் பெயர் என்னவென்று ஞாபகம் வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் போய் மில்லில் சொல்ல, நைட் ஷிஃப்ட் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பகலையும் ராத்திரியையும் மாற்றிக்கொண்ட கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வந்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வந்தார்கள். கல்யாணமாகி ஏழு நாளே ஆன ஒரு ஜோடி நட்சத்திரம் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்து நட்சத்திரத்தைத் தவிர மற்றதைப் பார்த்தது. யார் வீட்டுக் கோழிகளோ படியேறி வந்து தொட்டி மேல் வரிசையாக அடைந்து, முட்டையிடும் வேலையையே மறந்தன. ஒருவர் வந்தால் தொம்மென்று ஒரு கால், ஒருவர் போனால் போனில் ஒரு டார்ச். கூப்பிடுகிற நேரம் மட்டும் வேலைக்குப் போய்விட்டு மாடிக்கு ஓடிவந்து அவன் தொண்ணூறு படம் எடுத்தால் மூன்று தேறும். அதிலும் ஒன்றில் கொட்டாவி விட்ட யாருடைய போன் வெளிச்சமோ குறுக்கே அடித்திருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே ஊரே பூசாரியாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ இருட்டுக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, வெளிச்சம் பட்ட இடத்தில் அந்த இருட்டு பூச்சி அரித்த துணி மாதிரி ஓட்டை விழுகிறது என்று. ஓட்டை வழியாகக் காசு அகலத்துக்கு வெயில் உள்ளே விழுந்தது, மறுநாள் அது தட்டு அகலம் ஆனது. விளிம்பிலிருந்தும் தினம் ஒரு சாண் குறைந்தது. அழகுமலை ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தான், பிறகு கத்திப் பார்த்தான்.

"என்ன அழகுமல, இருட்டு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டார் ராயப்பன்.

"மாடி எங்கப்பன் வீட்டுச் சொத்துதான்யா!"

"மாடி உனக்கு, இருட்டு பொதுவுக்கு" என்றார் அவர், எல்லாரும் தலையாட்டினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வார்டு மெம்பர் நாகஜோதி ஒருநாள் படியேறி வந்து, இருட்டுக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்து, ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்: "அழகுமலைண்ணே, பொம்பளைங்க, கைப்பிள்ளைக்காரிங்க வந்து போற எடம். இப்புடிக் கண்ணு தெரியாம இருந்தா எப்புடி? ஒரு எல்.இ.டி. போட்டு விட்டுருங்க. நான் ஆபீசுல சொல்லிட்டேன்." மறுநாள் அலுவலகத்தில் நாற்பது வாட்ஸ் விளக்கு ஒன்றும் கிளாம்பு இரண்டும் அவன் கையில் கொடுத்து, அவன் வீட்டு மாடிக்கே அவனை வேலைக்கு அனுப்பினார்கள். விளக்கை வாங்கிக்கொண்டு வந்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான், மாட்டிவிட்டதாக நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். இருபத்திரண்டு வருசத்தில் அவன் செய்த முதல் களவு அதுதான்.

மூன்றாம் வாரம் இருட்டு இரண்டு கட்டில் அகலத்துக்கு வந்துவிட்டது, தேறிய படம் இருபத்துமூன்று. அழகுமலை படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். ஊர் அவனோடு பேச்சை நிறுத்தியது. ராயப்பன் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார். அதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை. குதிரை, குதிரை, குதிரை என்று மண்டைக்குள் ஒரே குளம்புச் சத்தம்.

ஒச்சம்மா மட்டும் தினமும் ஏழரைக்கு வந்து வாசலில் பாயோடு நிற்பாள். கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் நாள் செல்வராணி இட்லித் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, "அவ கண்ணப் பாத்தீங்களா? போன மாசம் அவ மில்லுல ஒருத்தி தூக்கக் கலக்கத்துல மெசின்ல கைய விட்டாளாம். நீங்க உங்க குதிரையக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவன் இட்லியைத் தின்றான். சாவியை அவிழ்த்தான்.

"நீ மட்டுந்தான். டார்ச் கூடாது, போனு கூடாது, பொரளக் கூடாது."

"நான் பொரள மாட்டேண்ணே. படுத்தா பொணந்தான்."

அது உண்மையாகவே இருந்தது. தொலைநோக்கியின் முக்காலிக்குப் பக்கத்தில் பாயை விரித்து அவள் படுத்தாளென்றால் மூச்சு விடுவதே தெரியாது. அன்றைக்கு எடுத்ததில் நட்சத்திரமெல்லாம் கடுகு மாதிரி உருண்டையாக விழுந்திருந்தன. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தவள், அவன் லென்சுக்கு மூடி போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"மூடியப் போட்டுட்டு எதுக்குண்ணே எடுக்குறீங்க?"

அவனுக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. விளக்கு, மெம்பர், சூடம், கோழி எல்லாம் சேர்ந்து அவனுக்குள் பொறுமை என்று ஒன்று மிச்சம் இல்லை. "அதுதான் படத்துக்கு உசுரு. மூடி போட்டு எடுக்கலன்னா ஒண்ணும் வெளங்காது" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான். ஒச்சம்மா தலையை ஆட்டி அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாள் மாரியம்மன் திருவிழா. கோயிலிலிருந்து கடைவீதிவரைக்கும் சீரியல் செட் விளக்குப் போட வேண்டும், வயர்மேன் காலை எட்டு மணிக்கு வந்தால் ராத்திரி பத்துக்கு முன்னால் நகரக் கூடாது என்று உத்தரவு. இருட்டு அதற்குள் ஒரே ஒரு கட்டில் அகலத்துக்குச் சுருங்கிவிட்டிருந்தது, திருவிழா முடியும்வரை தாங்கினால் பெரிது. அழகுமலை மனக்கணக்குப் போட்டான்: காலையிலேயே மூன்று நட்சத்திரத்தையும் பார்த்துத் தொலைநோக்கியைப் பூட்டி, கேமராவைத் தானாக ஓட விட்டுவிட்டுப் போனால் நாளுக்கு நூற்றைம்பது, மூன்று நாளைக்கு நானூற்றைம்பது. குதிரைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். மெஷினை ஓட விட்டான், ஒச்சம்மாவைக் காவலுக்குத் தூங்க விட்டான், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளிச்சம் போடப் போனான்.

மூன்று நாளும் கம்பத்து மேலே நின்றுகொண்டு அவன் சிரித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து, ஆத்தா அருள் வந்துவிட்டதோ என்று கீழே பேசிக்கொண்டார்கள். எடுத்த படங்களை நடுவில் பார்க்கவில்லை. லேப்டாப் வெளிச்சம் மிச்ச இருட்டையும் தின்றுவிடும் என்று பயம், ஆசைப்பட்டுப் பாதியில் பார்த்தால் கண்ணேறு பட்டுவிடும் என்றும் பயம். மூன்றாம் நாள் ராத்திரி அந்த ஒரு கட்டில் இருட்டு, ஊருக்கெல்லாம் வந்த இருட்டோடு கலந்துகொண்டது. காலையில் விடிந்தபோது மாடி முழுவதும் விடிந்தது. செல்வராணி வடகம் ஊற்றினாள்.

அழகுமலை கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். ஒவ்வொரு நாளும் முதல் இரண்டு படத்தில் குதிரை இருந்தது. அவன் ஆயுசில் பார்த்திராத அளவுக்கு, சிவப்புக்கு முன்னால் கன்னங்கரேல் என்று, பிடரிகூடத் தெரிய, கழுத்தை வளைத்து நின்றது. மூன்றாம் படம் கறுப்பு. நான்காம் படம் கறுப்பு. நூற்றைம்பதாம் படம்வரைக்கும் கறுப்பு. இரண்டாம் நாள் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. ஆறு படத்தைத் தவிர நானூற்று நாற்பத்துநாலும் அட்டைக் கறுப்பு. மூளைக்கு எட்டாமல் அவன் திரையைத் துணியால் துடைத்துப் பார்த்தான்.

பதினோரு மணிக்கு ஒச்சம்மா வெளியே செல்வராணியிடம் பேசுவது கேட்டது. "இருட்டுப் போயிருச்சாமே மதினி. அண்ணனுக்குப் படம் முடிஞ்சிருச்சா? பாவம், திருவிழா அவசரத்துல மூணு நாளும் மூடி போட மறந்துட்டாரு. நான்தான் ஞாபகமாப் போட்டு விட்டேன். கேமரா சத்தம் நின்னதும் கழட்டிப் பத்தரமா வச்சிருக்கேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஊரில் சொல்லுவார்கள், தாழியை உடைத்தவள் அதைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டுப் போன கதையை யாரும் சொன்னதில்லை. அழகுமலை அந்த நேரத்தில் வெளியே வரவில்லை, வந்திருந்தால் கொலை விழுந்திருக்கும். இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. விளக்குக் கம்பத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு வாய்க்குள்ளேயே திட்டை ஒத்திகை பார்த்தான், எந்த வார்த்தை முதலில், எந்த வார்த்தை கடைசியில், எங்கே குரல் உயர வேண்டும் என்றெல்லாம். ஆறு வருசப் பனியை அதில் போட்டான், ஹைமாஸ்ட்டைப் போட்டான், மெம்பரைப் போட்டான், மல்லிகையைப் போட்டான், கோழியைக்கூட விடவில்லை. அப்படி ஒரு திட்டு சிலம்பட்டியில் அதுவரை யாரும் வாங்கியதில்லை, கேட்டதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒச்சம்மா வந்தாள். தனியாக வரவில்லை, மில்லிலிருந்து பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து, வீட்டு வேலையும் முடித்து, கண்ணெல்லாம் சிவந்து, தலையில் பஞ்சோடு எல்லாரும் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது, கூடத்து டியூப்லைட் வேறு எரிந்தது.

"அண்ணன் எடுத்த படத்தக் காட்டுங்கண்ணே. நானும் கூடச் சேந்து எடுத்ததுன்னு இவளுககிட்டச் சொன்னேன், நம்ப மாட்டேங்குறாளுக."

இதைவிட நல்ல நேரம் அமையுமா. "காட்டுறேன். நல்லாப் பாரு, எல்லாரும் பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, டிவியில் லேப்டாப்பைச் சொருகி, அந்தக் கறுப்புப் படங்களில் ஒன்றைத் திறந்தான். பார்க்கட்டும், பார்த்துவிட்டு இது என்னவென்று கேட்கட்டும், கேட்ட மாத்திரத்தில் ஆரம்பித்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினான்.

திரை கறுத்தது. அதிலிருந்து கறுப்பு மெதுவாகக் கூடத்துக்குள் இறங்கியது, டியூப்லைட் எரிந்தபடியே மங்கியது, சன்னல் வழியாக வந்த வெயில் விளிம்பிலேயே நின்றுகொண்டது. மாடியில் நின்றதைவிடக் கெட்டியான இருட்டு இது, மூடிக்கு அடியில் நட்சத்திரம்கூட எட்டிப் பார்க்காமல் விளைந்த இருட்டு. பன்னிரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதேதாண்ணே" என்றாள் ஒச்சம்மா. "அப்புடியே இருக்குண்ணே."

யாரோ ஒருத்தி கொட்டாவி விட்டாள், அது வரிசையாக எல்லார் வாய்க்கும் போனது. ஒருத்தி சுவரில் சாய்ந்தாள், அவள் மடியில் இன்னொருத்தி தலையை வைத்தாள், முந்தானையை இழுத்து முகத்தில் போடக்கூட நேரமில்லாமல் அப்படி அப்படியே சரிந்தார்கள். "ஒச்சம்மா, ஏய், இரு, நான் சொல்றதக் கேட்டுட்டு…" என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவளும் வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துப் பிணமாகப் படுத்துவிட்டாள். அடுப்படி வாசலிலிருந்து செல்வராணி வாய்மேல் விரல் வைத்துக் கண்ணை உருட்டினாள்.

அழகுமலை நின்றான். உட்கார இடமில்லை, காலுக்கும் காலுக்கும் நடுவில் ஒற்றைக்காலில் நின்றான். பிறகு குனிந்து, ஒச்சம்மாவின் காதுக்கு ஒரு முழம் தள்ளிக் குந்தி, கொசு பறக்கிற அளவுக்குச் சத்தமாகத் திட்டத் தொடங்கினான். ஒத்திகை பார்த்த வரிசையில், ஒரு வார்த்தை விடாமல், ஆறு வருசப் பனியிலிருந்து தொடங்கி, குரல் உயர வேண்டிய இடத்திலெல்லாம் கழுத்து நரம்பை மட்டும் புடைத்துக்கொண்டு, கடைசி வார்த்தைவரைக்கும் திட்டி முடித்தான். நடுவில் ஒருத்தி லேசாகப் புரண்டாள், அவன் வாயைப் பொத்திக்கொண்டு அவள் மூச்சு சீராகிறவரை காத்திருந்து அப்புறம்தான் தொடர்ந்தான். ஒருத்தியும் எழுந்துவிடக் கூடாதே என்று அவனுக்கு இருந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது.